வங்கியின் டிராக்டர்

உஸ்கெனில் எங்கள் கிளை திறந்தபோது
எதிர்ச்சாரியில் ஏற்கெனவே மூன்று வங்கிகள்.
அவற்றில் ஒன்றில்தான் ஆறு வருடம்
வட்டி எழுதிக்கொண்டிருந்தேன்.
தெருவைக் கடந்து வந்தேன்.
அதே கணக்குப்பொறி, அதே விரல்கள்,
எழுதுகிற சொல் மட்டும் லாபம்.

தொக்தோசுன் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.
நெல் வயலும் நாற்பது ஆடும் உள்ளவர்.
இரண்டு வங்கித் தாள்களையும்
என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து,
"அங்கே மூன்று லட்சம் கூடுதல்.
இங்கேயும் மூன்று லட்சம் கூடுதல்.
குட்டி போட்டது ஒரே ஆடு.
காதில் குத்திய அடையாளம்தானே வேறு?"

பயிற்சியில் சொன்னதைச் சொன்னேன்:
நாங்கள் பணத்தை விற்பதில்லை,
பொருளை வாங்கி விற்கிறோம்.
முதலில் டிராக்டர் எங்களுடையதாகும்.
"எவ்வளவு நேரத்துக்கு?"
ஒரு கையெழுத்துக்கும் அடுத்த கையெழுத்துக்கும்
நடுவில் ஆகிற நேரம், என்றேன்.
சிரித்தார். மேல்வரிசையில் இரண்டு தங்கப் பல்.

ஏப்ரல் கடைசி. அப்துமுத்தாலிப்பின் விற்பனை முற்றத்தில்
நீல நிற பெலாரஸ்,
சக்கர இடுக்கில் இன்னும் ரயில்பெட்டி வைக்கோல்.
பணம் கொடுத்து ரசீது வாங்கினேன். மணி 11.40.
எனக்கென்று ஒரு சைக்கிள்கூட வாங்கியதில்லை.
வங்கியின் பெயரில்
ஒரு டிராக்டருக்குச் சொந்தக்காரியாக
ஈரக் காற்றில் நின்றேன்.
அடுத்த தாளுக்குப் பேனா எழுதவில்லை.
வேறு பேனா எடுக்கப் பையன் உள்ளே போனான்.

அப்போதுதான் மலைப் பக்கமிருந்து வந்தது.
தகரக் கூரையில் ஒன்று, இரண்டு,
பிறகு யாரோ அக்ரூட் மூட்டைகளை
அவிழ்த்துக் கொட்டியதுபோல்.
ஆலங்கட்டி.
கொட்டகைக்குள் ஒதுங்கி
மூவரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே
முன்கண்ணாடி குறுக்கே வெடித்தது.
ஒரு விளக்கும் போயிற்று.

மழை ஓய்ந்ததும்
அப்துமுத்தாலிப் ரசீதைத் தட்டிக் காட்டினார்:
விற்றாயிற்று.
தொக்தோசுன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்:
இன்னும் வாங்கவில்லை.
பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

பிஷ்கெக்கைக் கூப்பிட்டேன்.
துறைத்தலைவர் வெகுநேரம் பேசவில்லை.
திறப்பு விழாவில் கண்ணீர் மல்க துவா கேட்டவர்.
குரலைத் தாழ்த்தி,
"அந்த ஆளுக்கு மணி பார்க்கும் பழக்கம் உண்டா?" என்றார்.

உண்டு.
பதினொன்று ஐம்பத்தொன்று.
பதினொரு நிமிடமும் அவர் கைக்கடிகாரத்தில்
பத்திரமாக இருந்தன.

கண்ணாடி, விளக்கு, கூலி:
ஒன்பதாயிரத்து நானூறு சோம்,
வங்கியின் நஷ்டம் என்று எழுதினேன்.
கை நடுங்கியது.
இறையச்சம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்,
வேலை போய்விடுமோ என்ற பயம்.

வேலை போகவில்லை. அந்த வாரமே
தொக்தோசுனின் தெருவிலிருந்து ஏழு பேர் வந்தார்கள்.
ஒருவரும் மார்க்கம் கேட்கவில்லை.
கண்ணாடி உடைந்தால் யார் தலையில்,
அதைத்தான் கேட்டார்கள்.
வேறு யார் தலையில், என்றேன்
முதல் தடவையாகத் தாளைப் பார்க்காமல்.

இப்போது ஓஷ், ஜலாலாபாத், பத்கென் எல்லாம் சேர்த்து
பதினாறு கிளை.
எதிர்ச்சாரி வங்கியும்
பச்சை நிறத்தில் தனிச் சன்னல் திறந்திருக்கிறது.
ஒப்பந்தம் கைப்பேசிக்கு வந்துவிட்டது.
வாங்குவதும் விற்பதும் ஒரே பொத்தான்.
ஒரு பொருள் எங்களுடையதாக இருக்கும் காலம்
நான்கு நொடி.
தலைமையகத்தில் அதற்குக் கேக் வெட்டினார்கள்.
நானும் கைதட்டினேன், நல்ல கேக்.

நான்கு நொடியில் ஆலங்கட்டி விழாது.
தெரியும்.
ஆனாலும் பொத்தானை அழுத்தியதும்
சன்னல் வழியே
மலையை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்,
அது தீர்வதற்குள்
ஏதாவது என்னுடையதா என்று.